தனியாக நிற்கவேண்டிய பந்தி

இதுவரை எத்தனையோ பேருக்குக் கல்வெட்டுச் செய்து கொடுத்துவிட்டேன். கல்வெட்டு என்றதும் உளியும் பாறையும் என்று நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்தாருக்கு அது ஒரு சின்னப் புத்தகம். ஒருவர் இறந்து ஒரு மாதம் ஆகும்போது அந்தியேட்டி செய்வோம். அன்றைக்கு வருகிறவர்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கையோடு கொண்டுபோவதற்காக அதை அச்சடிப்போம். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக அழுகை. இந்த அழுகையைக் குடும்பத்தவர்கள் எழுதுவதில்லை. செய்யுள் கட்டத் தெரிந்த யாரிடமாவது சொல்லி எழுதுவிப்பார்கள். அதனால் இந்தப் பிரெஞ்சு நகரத்தில், எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் யார் கணவன் செத்தாலும் மனைவி ஒரே மாதிரித்தான் அழுவாள்.

கிழமை நாட்களில் புறநகரான பொண்டியில் ஒரு கம்பனியில் எனக்குச் சம்பளச் சீட்டுத் தயாரிக்கும் வேலை. சனிக்கிழமைகளில் லா சப்பலுக்கு வந்துவிடுவேன். புடவைக் கடை ஒன்றின் பின்புறம் அச்சகம். முதலாளிக்கு மெஷின் தெரியும், தமிழ் தட்டத் தெரியாது. எனக்குத் தமிழ் தட்டத் தெரியும், வாயைக் கட்டத் தெரியாது. ஆனாலும் வருஷக் கணக்காக ஒத்துப்போகிறோம்.

கல்வெட்டுக்கு வரும் எழுத்துகள் நாலு திசையிலிருந்தும் வரும். கனடாவிலிருந்து ஒருவர் போனில் குறுஞ்செய்தியாக அனுப்புவார். லண்டனிலிருந்து ஒருவர் பூவும் விளக்கும் வைத்த கோப்பாக அனுப்புவார். எபினேயிலிருந்து ஒருவர் நேரே வந்து வாயால் சொல்லுவார். எல்லாவற்றையும் நான் ஒரே வெறும் எழுத்துக் கோப்பில் போடுவேன். தடித்த எழுத்து இல்லை, நிறம் இல்லை, அளவு இல்லை. அதிலிருந்து மூன்று பிரதி எடுப்போம். அச்சுக்கு ஒன்று, மரண அறிவித்தல் போடும் இணையப் பக்கத்துக்கு ஒன்று, வெளிநாட்டு உறவுகள் போனில் வாசிக்கும் மின்நூல் ஒன்று.

கோப்பு ஒன்றுதான். ஆனால் பந்தி மூன்றிலும் மூன்று விதமாக வந்து நிற்கும். இந்தியாவில் பத்தி என்பதைத்தான் நாங்கள் பந்தி என்கிறோம். வெறும் எழுத்தில் பந்திக்கென்று தனி அடையாளம் எதுவும் கிடையாது. என்டர் விசையை ஒருமுறை தட்டினால் அடுத்த வரி, இருமுறை தட்டினால் நடுவில் ஒரு வெற்று வரி. அவ்வளவுதான். ஒரு மென்பொருள் ஒருமுறை தட்டியதையே புதுப் பந்தி என்று எடுத்துக்கொள்ளும். இன்னொன்று அதைக் கண்டுகொள்ளாது. வெற்று வரி இருந்தால்தான் பந்தி, இல்லையென்றால் மேலதையும் கீழதையும் ஒட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். மகளிடம் சொன்னால் பிரெஞ்சில், "சே பா கிராவ், மம்மா" என்பாள். பெரிய விஷயம் இல்லையாம். எனக்கு அது பெரிய விஷயமாகப் போன கதைதான் இது.

சார்செலில் இருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். புருஷன் ரெஸ்ரோரன்ட் ஒன்றில் சமையல் வேலை செய்தவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்து, கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய தமையன் எபினேயில் இருக்கிறார். கல்வெட்டுக்கு முன்னின்றவர் அவர்தான். படம் கொண்டுவந்தார், அட்டை நிறம் சொன்னார், மனைவி புலம்பலுக்குச் செய்யுளும் எழுதுவித்துக் கொண்டுவந்தார். தன் பெயரில் 'அண்ணனின் நினைவுகள்' என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதியும் தந்தார். தம்பியை ஊரிலிருந்து எடுப்பித்தது, பப்பியே என்கிற வதிவிடப் பத்திரம் எடுத்துக் கொடுத்தது, வேலையில் சேர்த்துவிட்டது, கலியாணம் கட்டி வைத்தது எல்லாம் அதில் இருந்தன. எல்லாம் உண்மைதான். கடைசி வரி, 'அவனுக்கு அண்ணனும் நான்தான், தகப்பனும் நான்தான்' என்று முடிந்தது.

அந்தப் பெண் செய்யுளை வாசித்தாள். வாசித்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"அக்கா, இது என்ர அழுகை இல்லை. இவற்ர தமையன் ஆசைப்பட்டு எழுதுவிச்சதுதானே, அது இருக்கட்டும். நானும் கொஞ்சம் எழுதினனான். அதையும் போடுவீங்களோ?"

"ஏன் போடாம? உம்மட புருஷன்ர கல்வெட்டுத்தானே."

வேலைக்குப் போகும் ரெயினில் இருந்து போனில் தட்டியதாகச் சொன்னாள். திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அனுப்பியிருக்கிறாள். நான் பொண்டியில் சம்பளச் சீட்டோடு மாரடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது முதலாளியிடம் வந்திருக்கிறது. அவர் அதை எடுத்து, தமையனின் எழுத்துக்குக் கீழே அப்படியே ஒட்டி, மூன்று பிரதியையும் தானே எடுத்துவிட்டார். அச்சுப் பிரதியை மட்டும் பார்த்திருக்கிறார். அதில் எல்லாம் அழகாக நின்றது. இணையப் பிரதியை ஏற்றிவிட்டு, போன் பிரதியைத் திறந்தும் பார்க்காமல் தமையனுக்கு அனுப்ப, தமையன் அதைக் குடும்பக் குழுவில் போட்டார். குழு என்றால் கனடா, லண்டன், யாழ்ப்பாணம் எல்லாம் சேர்ந்தது.

சனிக்கிழமை நான் அச்சகத்துக் கதவைத் திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள். வெங்காயப் பெட்டி இறக்குகிறவர்கள் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருக்க, அவள் விலகக்கூடத் தோன்றாமல் நின்றாள். உள்ளே வந்ததும் போனை நீட்டினாள்.

"வாசிச்சுப் பாருங்கோ அக்கா."

வாசித்தேன். 'அண்ணனின் நினைவுகள்' என்ற தலைப்பு. அதன் கீழ் ஒரே நீளப் பந்தி. இப்படி ஓடியது: 'அவனுக்கு அண்ணனும் நான்தான், தகப்பனும் நான்தான். விடிய எழும்பிக் கஞ்சி காய்ச்சினேன். உப்புச் சேர்க்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் இரண்டு கஞ்சி எதற்கு என்று நானும் உப்பில்லாமல் குடித்தேன். குளிக்க வார்த்து, தலை இழுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது ரெயினில் என் தோளில் நித்திரை. இறங்கவேண்டிய இடம் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை. ஒருநாள் கடைசி ஸ்ரேசன் வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம்.'

அங்கே பந்தி முடிந்தது. அடுத்த பந்தி நன்றி நவிலல். 'மனைவி பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் ஆறுதல் கூறிய அனைவருக்கும் எமது நன்றி.'

எனக்கு ஒரு நிமிஷம் எடுத்தது. பிறகு விளங்கியது. அவள் ஒவ்வொரு வரியின் முடிவிலும் என்டரை ஒருமுறைதான் தட்டியிருக்கிறாள். அதனால் அவளுடைய வரிகள் எல்லாம் தமையனின் பந்தியோடு ஒட்டிக்கொண்டன. கடைசியில், கடிதத்துக்குக் கையெழுத்து வைப்பதுபோல ஒரு வெற்று வரி விட்டு 'மனைவி' என்று போட்டிருக்கிறாள். அந்த ஒரு இடைவெளியை மட்டும் மென்பொருள் மதித்து, 'மனைவி'யை அவளுடைய எழுத்திலிருந்து பிரித்து, கீழே இருந்த நன்றியோடு சேர்த்துவிட்டது. பிழை என்று யாருக்கும் தெரியாத பிழை. அவள் காய்ச்சிய கஞ்சியைத் தமையன் காய்ச்சியதாகவே யாரும் வாசிப்பார்கள்.

இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே நேர்மாறு. ஒவ்வொரு வரியும் ஒரு பந்தியாகி, நடுவில் விரற்கடை இடைவெளியோடு சிதறிக் கிடந்தது. யாரோ ஒருவர் கீழே 'அருமையான புதுக்கவிதை' என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் நல்ல வார்த்தை நாலு வாங்கியிருப்பார்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, அச்சிலை சரியாத்தானே நிக்குது. புத்தகம் பிழைக்கேல்லைத்தானே."

அவளே பதில் சொன்னாள். "அண்ணை, புத்தகத்தை ஆர் வாசிக்கினம்? படத்தைப் பாத்திட்டுப் பைக்குள்ள வைப்பினம். எல்லாரும் போனிலைதான் வாசிக்கினம். மாமியும் அதிலைதான்."

மாமி என்றால் இறந்தவருடைய தாய். யாழ்ப்பாணத்தில் மகளோடு இருக்கிறார். பார்வை குறைவு, மகள்தான் எதையும் வாசித்துக் காட்டுவாள். மகன் செத்த நாளிலிருந்து இந்த மருமகளோடு அவர் கதைக்கவில்லையாம். "என்ர பிள்ளையை அவள் வடிவாப் பாத்திருந்தா இப்பிடிப் போயிருக்க மாட்டான்" என்று செத்தவீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அது இங்கே சார்செல் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இந்தக் கொஞ்ச வரியைத்தான் எழுதினாள். அதுவும் இப்போது தமையன் பெயரில் மாமியின் காதுக்குப் போயிருந்தது.

"மாமி இவற்ர தமையனுக்குப் போன் எடுத்து அழுதவவாம்" என்றாள். "நீயாவது அவனைப் பாத்தியே எண்டு."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. எனக்குத்தான் வந்தது. வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இதைச் சரிப்பண்ணாமல் இன்றைக்கு இந்த இடத்தைவிட்டு எழும்புவதில்லை என்று முதலாளிக்குச் சொன்னேன். கலியாண அழைப்பிதழ் ஒன்று அவசரம் என்றார். அவர்கள் கட்டிக்கொள்ளட்டும், அழைப்பிதழ் பிந்தினால் கலியாணம் நின்றுவிடாது என்றேன்.

முதலில் அவளுடைய வரிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இணைத்தேன். வரி முடிவில் இருந்த என்டர் எல்லாவற்றையும் எடுத்தேன். மேலே தமையனின் எழுத்துக்கும் அவளுடையதற்கும் நடுவில் ஒரு வெற்று வரி வைத்தேன். மின்நூலை எடுத்துப் பார்த்தால் பந்தி தனியாக நின்றது. சந்தோஷப்பட்டு இணையப் பிரதியை எடுத்தால், அங்கே வெற்று வரியையும் ஒரு பந்தி என்று கணக்கெடுத்து அரைப் பக்க ஓட்டை விழுந்தது. அதைச் சரிசெய்யப் போனால், அச்சுப் பிரதியில் முதலாளி வைத்திருந்த அமைப்புக் குலைந்து தேவாரங்கள் எல்லாம் உரைநடையாக ஓடின. ஒன்றின் காலைப் பிடித்தால் மற்றது தலையைத் தூக்கியது.

பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். கோப்பு முழுவதும் ஒரே சட்டம். பந்திக்குள் என்டர் கிடையாது. பந்திக்கும் பந்திக்கும் நடுவில் ஒரேயொரு வெற்று வரி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. தேவாரத்துக்கு மட்டும் வரி பிரியும் இடத்தில் தனி அடையாளம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கையால் செய்துகொண்டு வந்தேன். அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவளே வெளியே போய் இறைச்சி ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் வாங்கி வந்தாள். தான் ரீயை மட்டும் குடித்தாள்.

எடுத்த பிரதியை என் போனில் மட்டும் பார்த்தால் போதாது. முதலாளியின் பழைய போனில் திறந்தேன். முன்கடையில் புடவை மடிக்கும் பெண்ணின் போனை வாங்கித் திறந்தேன். எதிரே சலூன்காரர், "அக்கா, ஆற்ர கல்வெட்டு?" என்று கேட்டுக்கொண்டே தலை வெட்டுவதை நிறுத்திவிட்டுப் போனைத் தந்தார். பந்தி எல்லாவற்றிலும் தனியாக நின்றது. ஆனால் அந்த 'மனைவி' என்ற கையெழுத்து மட்டும் அடம் பிடித்தது. ஒன்றில் பந்தியோடு நின்றது, ஒன்றில் நன்றிக்குப் பக்கத்தில் போய் நின்றது, சலூன்காரரின் போனில் அடுத்த பக்கத்துக்கே போய்விட்டது. ஒற்றைச் சொல்லை ஒரு வரியாக விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"பிள்ளை, இந்தக் கையெழுத்தை உள்ளுக்கை கொண்டுவரட்டோ?" என்று கேட்டேன்.

"உள்ளுக்கை எண்டா?"

"பந்திக்குள்ள. ஒரு வசனமா. பந்திக்குள்ள இருக்கிற வசனத்தை ஒரு மென்பொருளும் கழட்டாது."

யோசித்தாள். பெயரை முன்னுக்குப் போட்டால் விளம்பரம் என்பார்கள் என்று மெல்லச் சொன்னாள். அதனால்தானே அடியில் ஒரு சொல்லாக ஒதுக்கிப் போட்டேன் என்றாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் அது அவளுடைய பந்தி. கொஞ்ச நேரம் கழித்துக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். பந்தியின் முதல் எழுத்துக்கு முன்னால் போய் நின்று, ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினாள். 'நான் அவருடைய மனைவி.'

"இனிப் பாருங்கோ" என்றாள்.

எல்லாப் போனிலும் பார்த்தேன். அது அசையவில்லை.

இனித் தமையன். அவரைப் போனில் கூப்பிட்டு, "அண்ணை, ஒருக்கால் வந்திட்டுப் போங்கோ" என்றேன். எபினேயிலிருந்து வந்து சேர மாலையாகிவிட்டது. அதற்குள் அவரைக் கேட்கவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். வந்தவர் தம்பி மனைவி அங்கே இருப்பதைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணை, அந்தக் கஞ்சிக் கதை நீங்கள் எழுதினதில்லை" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தனீங்கள்?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கனடாவில இருந்து போன் எடுத்தவை. அம்மாவும் எடுத்தவ. எல்லாரும் அழுகினம், நீ செய்தது பெரிய காரியம் எண்டு. அழுகிற ஆக்களிட்டை, அது நான் இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? வாய் வரேல்லை." பிறகு அவளைப் பார்க்காமலே, "நானும் செய்திருக்கலாம் எண்டுதான் மனசில கிடந்தது" என்றார்.

நான் அடுக்கி வைத்திருந்தது பாதி கொட்டிப் போய்விட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பாவம் பார்த்து விட்டுவிட்டால், அந்தப் பாவத்தைச் சுமப்பவள் பக்கத்தில் இருந்தவள்தான்.

"உங்களுக்கு வாய் வராட்டிப் பறவாயில்லை அண்ணை. புதுப் பிரதி சொல்லும். ஆனா அதைக் குழுவில நீங்கள்தான் போடவேணும்."

"நானோ?"

"பழசைப் போட்டது நீங்கள்தானே. நான் போட்டா அச்சகத்துக்காரி போட்டது. இவ போட்டா சண்டைக்குப் போட்டது. நீங்கள் போட்டாத்தான் திருத்தம்."

அவர் கதிரையில் உட்கார்ந்து போனை எடுத்தார். தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். கடைசியில் எனக்குக் காட்டினார். 'முன்பு அனுப்பியதில் பந்திகள் மாறிவிட்டன. கஞ்சி காய்ச்சியது தம்பியின் மனைவி. இதுதான் சரியான பிரதி.' நான் கேட்டதைவிட ஒரு வரி கூடுதலாகவே போட்டிருந்தார். அதற்காக அவரைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அந்தியேட்டி நாளில் மண்டபத்துக்கு நானும் போயிருந்தேன். கல்வெட்டுக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாட்டில் போனது. உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். கிரியை முடிந்து சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. அவள் சொன்னதுபோலவே எல்லாரும் முன்னட்டையைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்கள். அவள் படத்துக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தாள். யாரோ கொண்டுவந்து வைத்த சோறு தொடாமல் ஆறிக் கிடந்தது. குழுவில் மாமியின் பக்கத்திலிருந்து இன்னும் ஒரு சத்தமும் இல்லை என்றாள்.

நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தபோது அவளுடைய போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு எனக்குக் காட்டினாள். மாமி. மண்டபத்து இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்தாள்.

"பிள்ளை."

"ஓம் மாமி."

"இவள் வாசிச்சுக் காட்டினவள். அந்தப் புதுசை."

"ஓம் மாமி."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தோம். அறுந்திருக்கவில்லை.

"நீயும் உப்பில்லாமலோ குடிச்சனி?"

"ஓம் மாமி."

"இப்பவுமோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அச்சகத்தில் அவள் தின்னாத ரோல்ஸ் ஞாபகம் வந்தது. தொடாமல் கிடந்த சோற்றையும் பார்த்தேன்.

"பிள்ளை, அவன் போயிட்டான்" என்றார் மாமி. "நீ இனி உப்புப் போட்டுச் சாப்பிடு."

போன் நின்றது. அவள் அதை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த சோற்றுத் தட்டை எடுத்து மடியில் வைத்து, ஆறிப்போன கறியைக் குழைத்து ஒரு வாய் வைத்தாள். நான் எழும்பிப் போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன்.